படம் எப்படி? பார்த்த படத்தைப் பற்றி நாலு பேரிடம் சொல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தியேட்டரை விட்டு வெளியே வந்ததுமே "படம் எப்படி?" என்று போன் வருகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேட்பவருக்குத் தெரிய வேண்டியது இரண்டுதான்: போகலாமா, யாரைக் கூட்டிக்கொண்டு போகலாம். "சூப்பர்", "சுமார்", "ஒரு தடவ பாக்கலாம்" என்பதில் இரண்டுக்குமே பதில் இல்லை. முதலில் என்ன மாதிரிப் படம், எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று சொல்லுங்கள். அடுத்து, பிடித்தது ஒன்றைக் காரணத்தோடு. பிறகு உறுத்தியது ஒன்று, அது எந்தப் பகுதியில் வருகிறது என்பதோடு. முடிவில், யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது.

"கிராமத்துக் குடும்பக் கதை, ரெண்டரை மணி நேரம். அண்ணனும் தம்பியும் பேசிக்கிற சீன் எல்லாம் நம்ம வீட்டுல நடக்கிற மாதிரியே இருக்கு. இன்டர்வலுக்கு அப்புறம் கோர்ட் சீன் ஒரு அரை மணி நேரம் இழுக்குது. அம்மாவக் கூட்டிட்டுப் போ, சின்னப் பசங்க உக்கார மாட்டாங்க."

இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. வாய்ஸ் நோட் என்றால் ஒரு நிமிடத்துக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது; அதற்கு மேல் போனால் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

டிரெய்லரில் காட்டியது ஒன்று, படம் வேறொன்று என்றால் அதை எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லிவிடுங்கள். காமெடிப் படம் என்று நினைத்து வருபவர் சாவு வீட்டுக் கதையைப் பார்த்தால், படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஏமாந்த உணர்வோடுதான் திரும்புவார். "டிரெய்லரை நம்பாதே, இது சீரியஸ் படம்" என்ற ஒரு வரி அவர் மனதைத் தயார்ப்படுத்திவிடும்.

கதையை எதுவரை சொல்லலாம்?

முதல் இருபது நிமிடத்தில் வருவதும், டிரெய்லரில் ஏற்கெனவே வந்ததும் போதும். நாயகன் யார், என்ன வேலை, என்ன சிக்கல் என்பதோடு நின்றுவிடலாம்.

பலர் கதையைச் சொல்லாமலேயே போட்டு உடைத்துவிடுகிறார்கள். "கடைசில ஒரு ட்விஸ்ட் இருக்கு, சொல்ல மாட்டேன்" என்று சொன்ன நிமிடத்திலிருந்தே கேட்டவர் ஒவ்வொரு பாத்திரத்தையும் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பிப்பார். "இன்டர்வல் பிளாக் வேற லெவல்" என்பதும் அப்படித்தான்; முதல் பாதி முழுக்க அந்தக் காட்சிக்காகக் காத்திருப்பதிலேயே போய்விடும். "அவரு கொஞ்ச நேரம்தான் வர்றாரு" என்றால் அந்தப் பாத்திரம் சாகப்போகிறது என்று எல்லோருக்கும் புரியும். சிறப்புத் தோற்றத்தில் யார் வருகிறார் என்பதைத் தயாரிப்பாளரே போஸ்டரில் போடாதபோது நாமும் சொல்ல வேண்டாம். இந்த மாதிரி இடங்களில் "கடைசி வரைக்கும் விட்டுடாம பாரு" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நண்பர்கள் குரூப்பில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள், பாதிப் பேர் பார்க்கவில்லை. எப்படிப் பேசுவது?

வாட்ஸ்அப்பில் செய்தியின் முதல் ஓரிரு வரிகள் போனைத் திறக்காமலேயே நோட்டிஃபிகேஷனில் தெரியும். அதனால் முதல் வரியில் படத்தின் பெயரும், "முழுக் கதையும் பேசுறேன், பாக்காதவங்க திறக்காதீங்க" என்ற எச்சரிக்கையும் வர வேண்டும். விஷயம் அதற்குக் கீழே. செய்தி நீளமாக இருந்தால் "மேலும் படிக்க" என்று மடங்கிக்கொள்ளும், அதுவும் ஒரு பாதுகாப்பு. பதில் எழுதுகிறவர்கள்தான் இங்கே கோட்டை விடுகிறார்கள். உங்கள் எச்சரிக்கைக்குக் கீழேயே "ஆமாண்டா, அந்த மாமாதான் கொலைகாரன்னு நான் நினைக்கவே இல்ல" என்று ஒருவர் ஒற்றை வரியில் போட்டால் எல்லாம் வீண். பதிலிலும் எச்சரிக்கை முதலில் வரட்டும்.

டெலிகிராமில் இது சுலபம். எழுதியதைத் தேர்ந்தெடுத்து "ஸ்பாய்லர்" என்று மாற்றினால் புள்ளிப் புள்ளியாக மறைந்துவிடும், தொட்டால்தான் தெரியும். வரியின் இரு பக்கமும் இரண்டிரண்டு செங்குத்துக் கோடு போட்டாலும் அதே பலன்.

எத்தனை நாளைக்குப் பிறகு வெளிப்படையாகப் பேசலாம்?

தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. இந்திப் படங்களுக்குப் பெரிய மல்டிபிளெக்ஸ்கள் எட்டு வார இடைவெளி கேட்கின்றன. வீட்டில் கைக்குழந்தையோ வயதானவர்களோ இருப்பவர்கள், ஊரில் தியேட்டர் இல்லாதவர்கள் எல்லோரும் ஓடிடிக்குத்தான் காத்திருப்பார்கள். ஓடிடியில் வந்து ஒரு வாரம் கழிந்தபின் பேசுவதே நியாயம். "ரிலீஸாகி மூணு நாள் ஆச்சு, இன்னுமா பாக்கல?" என்று கேட்பதில் நியாயமில்லை.

"செகண்ட் ஹாஃப் லேக்" என்று எல்லாப் படத்துக்கும் சொல்கிறோம். இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

முடியும். போரடித்த காட்சியை நினைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் காட்சியைத் தூக்கிவிட்டால் பின்னால் வரும் ஏதாவது புரியாமல் போகுமா? எதுவும் கெடாது என்றால் அந்தக் காட்சி உண்மையிலேயே சுமைதான். புரியாமல் போகும் என்றால் காட்சி தேவை. எடுத்த விதத்தில்தான் குறை.

நம் படங்களில் இழுவைக்கு வழக்கமான காரணங்கள் சில உண்டு. நமக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயத்தை இன்னொரு பாத்திரம் தெரிந்துகொள்வதற்காக மறுபடி முழுதாகச் சொல்வது. இடைவேளை முடிந்ததும் முக்கால் மணி நேர ஃபிளாஷ்பேக். அது முடிந்து நிகழ்காலத்துக்கு வரும்போது நாயகன் எதற்காக ஓடிக்கொண்டிருந்தான் என்பதே மறந்துபோகிறது. பதற்றம் ஏறிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு டூயட். கதை முடிந்த பிறகும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனியாக ஒரு விடைபெறும் காட்சி. இவற்றில் எது என்று சொன்னாலே உங்கள் கருத்துக்கு எடை கூடும்.

மெதுவாகப் போவது வேறு. ஒரு பாத்திரம் வெறுமனே உட்கார்ந்து டீ குடிக்கிறது. ஆனால் அவர் மனசு மாறிக்கொண்டிருப்பது நமக்குத் தெரிகிறது என்றால் அது இழுவை இல்லை. அந்த மாதிரிப் படத்தை "ஸ்லோ, ஆனா பிடிச்சுது" என்றே சொல்லுங்கள். வேகம் வேண்டும் என்பவர் தாமாகவே ஒதுங்கிக்கொள்வார், பொறுமையாகப் பார்ப்பவர் தேடிப் போவார்.

ஒளிப்பதிவு, எடிட்டிங், பின்னணி இசை பற்றிச் சொல்ல ஆசை. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயம்.

தைரியமாகச் சொல்லலாம். பெயர் மாறிப்போகும் சில இடங்களை மட்டும் கவனித்தால் போதும்.

"எடிட்டிங் சரியில்ல" என்று சொல்லும் குறைகளில் பெரும்பகுதி திரைக்கதையுடையது. எழுதி, எடுத்து வந்த காட்சிகளை வைத்துத்தான் எடிட்டர் வேலை செய்கிறார். சண்டைக் காட்சியில் யார் யாரை அடிக்கிறார் என்று புரியாமல் வெட்டி வெட்டிப் போனால் அங்கே எடிட்டிங்கையும் சண்டை அமைப்பையும் குறை சொல்லலாம். படம் முழுக்கத் தெரியும் நிறத்துக்கு ஒளிப்பதிவாளர் மட்டும் காரணம் இல்லை: சுவருக்கு என்ன பெயின்ட், உடை என்ன நிறம் என்பது கலை, உடைத் துறைகளின் முடிவு, அதற்குப் பிறகு டிஐ என்ற நிறச்சீரமைப்பு. பேய்ப் படத்தில் உங்களைத் தூக்கிப்போட்டது பின்னணி இசையாக இல்லாமல் ஒலி வடிவமைப்பாக இருக்கலாம். கதவு முனகல், தூரத்து நாய், திடீர் அமைதி இதெல்லாம் ஒலி வடிவமைப்பாளரின் வேலை.

குரலைப் பாராட்டும்போது கூடுதல் கவனம் வேண்டும். தமிழில் பெரும்பாலான படங்களுக்குப் படப்பிடிப்புக்குப் பிறகுதான் டப்பிங் நடக்கிறது. நடிகைக்கு வேறொருவர் குரல் கொடுத்திருப்பது மிகச் சாதாரணம். "அந்தப் பொண்ணு வாய்ஸ்லயே அழ வச்சிட்டா" என்று எழுதுவதற்கு முன் கடைசியில் ஓடும் பெயர்களில் டப்பிங் கலைஞர் வரிசையைப் பார்த்துவிடுங்கள். அந்தப் பாராட்டு உரியவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

வசனமே கேட்கவில்லை, ஒரே இரைச்சல். இது படத்தின் குறையா, தியேட்டரின் குறையா?

இதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் கேட்பவருக்குப் பெரிய உதவி. படம் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு திரையிலும் அது வேறு மாதிரி கேட்கிறது.

தியேட்டரின் ஒலிக் கருவியில் ஃபேடர் என்ற அளவு 0 முதல் 10 வரை இருக்கும். ஒலிக்கலவை செய்யும் ஸ்டூடியோவில் 7-ஐ அடிப்படையாக வைத்துத்தான் படத்தை முடிக்கிறார்கள். 4-க்கு மேலே ஒவ்வொரு புள்ளிக்கும் சுமார் 3.3 டெசிபல் கூடும், குறையும். பார்வையாளர்கள் சத்தம் அதிகம் என்று புகார் சொன்னால் தியேட்டர்காரர் 5-க்கு இறக்கிவிடுவார். சண்டைக் காட்சி இதமாகிவிடும், ஆனால் முணுமுணுப்பாகப் பேசும் வசனம் ஏசி சத்தத்தில் காணாமல் போகும். 2024 நவம்பரில் கங்குவா வெளியானபோது சத்தம் தாங்கவில்லை என்று பலரும் சொன்னார்கள். ஒலியை இரண்டு புள்ளி குறைக்கும்படி தயாரிப்பாளரே தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டார். முதல் நாள் பார்த்தவரும் நாலாம் நாள் பார்த்தவரும் கேட்டது ஒரே ஒலி இல்லை.

இன்னொன்று: வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. இசை கணீரென்று கேட்டு, பேச்சு மட்டும் போர்வைக்குள்ளிருந்து வருவது போல் இருந்தால் அந்த நடு ஸ்பீக்கரில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். வேறு தியேட்டரில் பார்த்தவரிடம் கேளுங்கள். அவருக்கும் வசனம் புரியவில்லை என்றால் ஒலிக்கலவையைக் குறை சொல்லலாம். இல்லையென்றால், "நான் பார்த்த ஸ்கிரீன்ல டயலாக் கேக்கல, வேற தியேட்டர்ல பாருங்க" என்பதே சரியான கருத்து.

வாயசைவு ஒட்டவில்லை என்று தோன்றினாலும் உட்கார்ந்த இடத்தை யோசியுங்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, படம் விநாடிக்கு 24 பிரேம். திரையிலிருந்து 14 மீட்டர் தள்ளிப்போனால் ஒலி ஒரு பிரேம் பிந்துகிறது. பெரிய ஹாலில் கடைசி வரிசைக்கும் முதல் வரிசைக்கும் இந்த வித்தியாசம் தெரியத்தான் செய்யும். ஒலியை எடைபோட நல்ல இடம் ஹாலின் நடுவில், திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் இருக்கும் வரிசை.

படம் முழுக்க ஒரே இருட்டு என்கிறார்கள். அதையும் இப்படிச் சரிபார்க்கலாமா?

தொடக்கத்தில் சென்சார் சான்றிதழ் திரையில் வரும் அல்லவா, அதைக் கவனியுங்கள். வெள்ளை வெள்ளையாக இருக்கிறதா, பழுப்பாகவோ சாம்பலாகவோ இருக்கிறதா? நடுவில் பளிச்சென்று இருந்து ஓரங்களில் மங்குகிறதா? மங்கலாகத் தெரிந்தால் புரொஜெக்டர் விளக்குக்கு வயதாகியிருக்கலாம். திரையில் இருக்க வேண்டிய வெளிச்சத்துக்கு 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. விளக்கு பழசானால் அது இறங்கிக்கொண்டே போகும். முப்பரிமாணக் காட்சிக்கு வைத்திருக்கும் இலக்கே ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்குதான். எனவே 3டி கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு "கேமரா ஒர்க் இருட்டு" என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரவுக் காட்சியில் நடிகரின் தலைமுடியும் பின்னால் இருக்கும் இருட்டும் ஒன்றாகக் கலந்து தெரிகிறதா என்று பாருங்கள். நல்ல திரையில் முடியின் விளிம்பு தனியாகத் தெரியும்.

அதே சான்றிதழில் படத்தின் நீளமும் நிமிடக் கணக்கில் இருக்கும். பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கேள்விக்கு உதவும்.

அவர் சொன்ன காட்சி நான் பார்த்த படத்தில் இல்லவே இல்லையே?

வெளியான பிறகு படத்தைக் குறைப்பது இப்போது சகஜமாகிவிட்டது. மெய்யழகன் 2024 செப்டம்பர் 27 அன்று வெளியாகி, சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடம் குறைக்கப்பட்டது. நீளம் என்று முதல் நாள் சொன்னவரும், அளவாக இருக்கிறது என்று அடுத்த வாரம் சொன்னவரும் இரண்டு வேறு படங்களைப் பார்த்தவர்கள். கருத்துச் சொல்லும்போது எந்தத் தேதி, தியேட்டரா ஓடிடியா, தமிழா டப்பிங்கா என்று ஒரு வரி சேர்த்தால் பாதிச் சண்டை வராது. வேற்றுமொழிப் படத்தைத் தமிழ் டப்பிங்கில் பார்த்துவிட்டு வசனத்தைக் குறை சொன்னால் அது டப்பிங் எழுதியவரைப் பற்றிய கருத்துதான், மூலப் படத்தைப் பற்றியது ஆகாது.

முதல் நாள் முதல் காட்சி பார்த்தவர்கள் சொல்வதை நம்பலாமா?

கொண்டாட்டம் எப்படி இருந்தது என்பதற்கு நம்பலாம். படம் எப்படி என்பதற்குக் கொஞ்சம் பொறுங்கள். விசில் சத்தத்தில் முதல் இருபது நிமிட வசனம் காதில் விழுந்திருக்காது. தமிழ்நாட்டில் 2023 தொடக்கத்திலிருந்தே விடியற்காலைக் காட்சிகள் இல்லை. பெரிய படங்களுக்கு அரசு சிறப்பு அனுமதி கொடுத்தாலும் காலை 9 மணிக்குத்தான் முதல் காட்சி. அதற்கு முன்பே உங்கள் போனுக்கு வரும் கருத்து கேரளா, பெங்களூருக் காட்சிகளிலிருந்தோ, முந்தைய மாலையே அமெரிக்காவில் ஓடிய சிறப்புக் காட்சியிலிருந்தோ வந்திருக்கும். அதுவும் இல்லையென்றால், பார்க்காமலேயே எழுதியது. "எந்த ஊர்ல, எத்தனை மணி ஷோ?" என்று கேளுங்கள். பார்த்தவர் உடனே சொல்லிவிடுவார்.

வீட்டு டிவியில் பார்த்தேன், சீரியல் மாதிரி இருந்தது. படம் அவ்வளவு மட்டமா?

டிவியின் வேலையாக இருக்கலாம். பிரேம்களுக்கு நடுவே டிவியே புதிய பிரேம்களை உண்டாக்கி அசைவை வழுவழுப்பாக்குகிறது. அதனால்தான் சினிமா சீரியலாகத் தெரிகிறது. பட அமைப்புக்குள் போய் அதை அணைத்துவிடுங்கள். எல்ஜியில் "ட்ரூமோஷன்", சோனியில் "மோஷன்ஃப்ளோ", சாம்சங்கில் "பிக்சர் கிளாரிட்டி" என்று பெயர். "ஃபிலிம்மேக்கர் மோட்" இருந்தால் அதைப் போட்டாலே போதும்.

வசனம் மெதுவாகவும் இசை காதைப் பிளப்பதாகவும் இருந்தால், ஓடிடியில் ஆடியோ 5.1-ல் (சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்பதற்கான ஒலி) இருக்கிறதா என்று பாருங்கள். டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பவர்கள் ஸ்டீரியோவுக்கு மாற்றினால் பேச்சு பெரும்பாலும் தெளிவாகும். இதையெல்லாம் சரிசெய்துவிட்டு ஒரு பத்து நிமிடம் மறுபடி பாருங்கள், பிறகு சொல்லுங்கள். போனில் பார்த்தவர்கள் கதை, நடிப்பு, வசனம் பற்றித் தாராளமாகப் பேசலாம். ஒளிப்பதிவையும் ஒலியையும் விட்டுவிடுவதே முறை.

மதிப்பெண் போடலாமா?

வேண்டாம் என்பதே எங்கள் பரிந்துரை. ஐந்துக்கு இரண்டரை என்றால் போகலாமா, கூடாதா என்று யாருக்கும் தெரியாது. போட்டே ஆக வேண்டும் என்றால் உங்கள் அளவுகோலைச் சொல்லிவிடுங்கள்: மூன்று என்றால் தியேட்டர் காசு வீண் இல்லை, இரண்டு என்றால் ஓடிடியில் பார்க்கலாம் என்பது போல.

மாமாவுக்கு உயிரான நடிகர். எனக்குப் படம் பிடிக்கவில்லை. குடும்ப குரூப்பில் என்ன சொல்வது?

நடிகரையும் படத்தையும் பிரித்துவிடுங்கள். "மாமா, அவரு நல்லாத்தான் பண்ணியிருக்காரு. அந்த வில்லனுக்கு ஒரு காரணமே இல்ல, அதான் எனக்கு ஒட்டல. உங்களுக்கு எந்த சீன் பிடிச்சுது?" என்றால் பேச்சு நீளும், மனசும் புண்படாது. "இதெல்லாம் ஒரு படமா?" என்று ஆரம்பித்தால் படத்தைப் பற்றிய பேச்சு அங்கேயே முடிந்துவிடும், அதற்குப் பிறகு நடப்பது வேறு. பிடித்தவரிடம் "உனக்கு எப்படிடா இது பிடிச்சுது?" என்று கேட்பதையும் தவிர்த்துவிடுங்கள். ரசனையைக் கேலி செய்தால் அடுத்த முறை அவர் உண்மையான கருத்தை உங்களிடம் சொல்லவே மாட்டார்.

குழந்தைகளோடு போகலாமா என்று அண்ணி கேட்கிறார். எப்படிச் சொல்வது?

சான்றிதழிலிருந்து ஆரம்பியுங்கள். "யு" எல்லோருக்கும். "யு/ஏ" இப்போது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. குறிப்பிட்ட வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் காட்டலாமா என்று பெற்றோரே முடிவு செய்ய வேண்டும். "ஏ" என்றால் பதினெட்டுக்குக் கீழே உள்ளே விட முடியாது.

அதற்கு மேல் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். "கொஞ்சம் வயலன்ஸ் இருக்கு" என்பதைவிட "இன்டர்வலுக்கு முன்னாடி கழுத்தை அறுக்கிற சீன் ஒண்ணு குளோஸ்அப்ல வருது, அண்ணி" என்றால் அவரால் முடிவெடுக்க முடியும். தற்கொலை, பாலியல் வன்முறை, குழந்தை இறப்பது, கண்ணைக் கூசும் மினுக்கு விளக்கு ஆகிய நான்கில் எது இருந்தாலும், கதை வெளியானாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். அண்மையில் துக்கம் நடந்த வீட்டாருக்கு இது இன்னும் முக்கியம்.

தியேட்டரில் ஒரு பத்து விநாடி எடுத்து ஸ்டேட்டஸில் போடலாமா?

கூடாது. அனுமதியில்லாமல் தியேட்டரில் படத்தைப் பதிவு செய்து பரப்புவது 2023-இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி குற்றம். மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை; அபராதம் மூன்று லட்சம் ரூபாயில் தொடங்குகிறது. டைட்டில் கார்டு என்றாலும் எடுக்க வேண்டாம். டிக்கெட் படம் போடலாம், ஆனால் கியூஆர் கோடையும் புக்கிங் எண்ணையும் மறைத்துவிடுங்கள். காட்சி தொடங்கும் முன்பே அதைப் போட்டால் வேறொருவர் அதைக் காட்டி உள்ளே போய்விட முடியும்.

படம் நன்றாக இல்லை என்று பொதுவில் எழுதினால் வழக்கு வருமா?

பிடிக்கவில்லை என்று சொல்வது உங்கள் உரிமை. படம் வெளியான முதல் மூன்று நாள் விமர்சனங்களுக்குத் தடை வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் தரப்பு 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியபோது, விமர்சிப்பது கருத்துச் சுதந்திரம் என்று சொல்லி நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. நடிகரின் உடல், சாதி, குடும்பம் பற்றி எழுதுவதும், "காசு கொடுக்காம ஏமாத்தி எடுத்த படம்" என்று ஆதாரமில்லாமல் எழுதுவதும் வேறு. அவதூறு வழக்குக்கு இடம் கொடுப்பவை அவைதான். திரையில் கண்டதையும் கேட்டதையும் மட்டும் வைத்து எழுதினால் கவலை இல்லை.

தெரிந்தவர் வேலை செய்த சின்னப் படம். நன்றாக இல்லை. உண்மையைச் சொல்வதா?

அவரிடம் தனியாகச் சொல்லுங்கள், அதுவும் அவர் செய்த வேலையைப் பற்றி. உதவி ஒளிப்பதிவாளரிடம் திரைக்கதைக் குறையைச் சொல்லி என்ன பயன்? "மழை சீன்ல ஜன்னல் பக்கத்து வெளிச்சம் ரொம்ப இயல்பா இருந்துச்சு, ராத்திரி ரோட்டு சீன்ல முகமே தெரியல" என்றால் அடுத்த படத்துக்கு அவருக்கு உதவும். பொதுவில் எழுதுவதாக இருந்தால் உங்களுக்கு அவரைத் தெரியும் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டு எழுதுங்கள். சின்னப் படம் வெள்ளிக்கிழமை வெளியாகி திங்கட்கிழமைக்குள் காட்சிகளை இழந்துவிடும். பிடித்திருந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், எந்தத் தியேட்டரில் எத்தனை மணிக் காட்சி என்பதையும் சேர்த்து.